பக்கத்து காம்பராவில் ஒரு பத்து

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம், கற்பித்தல் பயிற்சிக்காக ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குத் திரும்பினேன். மூன்றாம் தரத்தின் கரும்பலகையில் 42 - 17 என்று எழுதினேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போய் நின்றேன்.

தோட்டத்து லய வரிசை வீடொன்றிலிருந்து வரும் கவிதா என்ற சிறுமி எழுந்தாள். "டீச்சர், நான் சொல்லவா?"

தலையாட்டினேன்.

"ரெண்டுல ஏழு போகாதுல்ல? லயத்துல நம்ம வீட்டுல சீனி இல்லாட்டி பக்கத்து காம்பரா வீட்டுக்குப் போறோம்ல, அதுமாதிரிதான். அங்க நாலு பத்து இருக்கு, ஒன்னு வாங்கிட்டு வரணும்."

நான் பல நாள் விளக்கியும் புரியாமல் விழித்த பிள்ளைகள், "ஆமால்ல!" என்று கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

"சரியா டீச்சர்?"

"சரி" என்றேன். அந்தப் பாடத்தில் நான் பேசிய ஒரே சொல் அதுதான். மகிழ்ச்சியோ வெட்கமோ தோன்றவில்லை.

இன்றும் புதுக் கணக்கை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறேன். யாராவது எழுந்து வருகிறார்கள்.