எனக்குக் கேட்காத விசில்

நான் கட்டிய ஃபஸ் பெடல் என் காதுக்கு மந்தமாகவே ஒலித்தது. எதை மாற்றினாலும் மந்தம்தான்.

ஃபஸ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டி. காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலி கரகரத்து முரட்டுத்தனமாக வரும். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குள் இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களும் ஒரு கைப்பிடி உதிரிகளும்தான் இருக்கும். கடையில் வாங்கலாம், ஆனால் நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. பழைய ரேடியோவைப் பிரித்து டிரான்சிஸ்டர்களை எடுத்தேன். மற்றவற்றை ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிப் பிடித்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பற்றவைத்து முடித்தேன்.

முதலில் வெயிலைக் குற்றம் சொன்னேன். ஜெர்மேனியம் சூடு தாங்காது, நம் ஊர் மதியத்தில் அதன் குணமே மாறிவிடும். பெடலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி திறந்து பார்த்துவிட்டு, "இதையும் சேர்த்து ஊத்தணுமா?" என்று கேட்டாள். குளிர்ந்த பிறகும் ஒலி தெளியவில்லை. கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில், கூர்மையான ஒலியை அடக்கி வைக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பிடுங்கியே எறிந்தேன். அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது போலிருந்தது.

நாங்கள் நால்வர் கல்யாண மண்டபங்களில் பழைய பாட்டுகள் வாசிக்கிறோம். ஞாயிறு மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் ஒத்திகை. பேஸ் கிட்டார் வாசிப்பவன் என் பள்ளிக்கூட நண்பன். அன்று பெடலை மிதித்து நாலு வரி வாசித்ததுமே கையைத் தூக்கினான்.

"டேய், காது கிழியுது லா. கொஞ்சம் கொறைடா."

"ஒன் காதுதான் போச்சு. இதுதான் ஒரிஜினல் சவுண்ட்."

இரண்டாவது பாட்டின் நடுவே டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். "இந்தப் பெட்டி இல்லாம வாசி, இல்லாட்டி இன்னைக்கு விடு," என்றான் நண்பன். நான் வயரைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அடுத்த ஆறு வாரமும் போகவில்லை. வரப்போகிற கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்க்கவா என்று செய்தி அனுப்பியிருந்தான். அதற்கும் பதில் போடவில்லை. இருபது வருடமாக அந்தக் குழுவில் வாசிக்கிறேன். அது போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது தெரிந்தும் வீம்பாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பெடலை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஓடவிட்டு, கிட்டாரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி வந்தாள்.

"அந்த விசில நிறுத்துங்க. தல வலிக்குது."

"எந்த விசில்?"

"வெளையாடாதீங்க. ஒரு மாசமா கத்துது."

அவளும் நண்பனோடு சேர்ந்துகொண்டாள் என்று எனக்குச் சுர்ரென்றது. சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். ஸ்விட்சைச் சத்தமில்லாமல் போடுவதும் அணைப்பதுமாக, போலீஸ்காரன் விசாரிப்பது போல அவளைச் சோதித்தேன். "இப்ப வருது. இப்ப நின்னுடுச்சு. மறுபடி வருது." பத்து முறை. பத்தும் சரி. என் காதில் ஒரு முறைகூட எதுவும் விழவில்லை. நான் பிடுங்கி எறிந்த கெப்பாசிட்டர் இல்லாமல் பெட்டி தானாகவே ஊளையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு தலைவலியைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் கேட்டது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இயந்திரத்தில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். சோதனை செய்த மலாய்ப் பெண் கதவைத் திறந்து, "சுடா ஹாபிஸ், அங்கிள்," என்றார். முடிந்துவிட்டதாம். நான் காத்திருந்த நேரம் முழுவதும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். ஷா ஆலமில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம். காதடைப்பான் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள், என் சட்டைப் பையில் இருந்தது. அதை மாட்டினால் மெஷின் ஓடும் லட்சணம் தெரியாது என்று புது ஆட்களிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். போனது திரும்ப வராது என்றார் டாக்டர். யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

காரில் வரும்போது மனைவி பேசவில்லை. ஒருவேளை பேசி எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் மூடித்தான் இருந்தது. பயமாக இருந்தது.

மறுநாள், பிடுங்கி எறிந்ததற்குப் பதிலாக அதே மாதிரிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சிறு திருகும் வைத்தேன். பெட்டியையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு கமுட்டர் ரயிலேறி ரவாங்கில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவனிடம் முதலில் ஸ்க்ரூடிரைவரைத்தான் நீட்டினேன்.

"நீ திருப்பு. ஒனக்கு எங்க சரின்னு படுதோ அங்க நிறுத்து. எனக்கு மேல்சத்தம் கேட்காதாம். டாக்டர் சொல்லிட்டாரு."

அவன் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதுதான் உறைத்தது.

"தெரியுமா?"

"ஒரு வருசமா தெரியும் லா. டிரம்ஸ்ல அந்தச் சின்னத் தட்டு ஒனக்குக் கேக்கல, தாளத்த விட்டு முன்னாடி ஓடுற. நாங்கதான் பின்னாடி ஓடி வந்து சேந்துக்கிறோம்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவ. அன்னைக்குப் போன மாதிரி."

ஒரு வருடமாக மூன்று பேர் மேடையில் என் தப்பை மறைத்து வாசித்திருக்கிறார்கள், நான் அவர்கள் காதைப் பழித்திருக்கிறேன். வெட்கத்தில் கண் கலங்கியது. அவன் பார்க்காதது போல ஆம்ப்ளிஃபயரைப் போட்டான்.

நான் கிட்டாரில் ஒரே கார்டை அடித்துக்கொண்டிருக்க, அவன் தலையைச் சாய்த்துத் திருகைத் திருப்பினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. கை நின்றது. "இதான்டா," என்றான். எனக்கு அந்த ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. திருகு நகராமலிருக்க அவன் தன் மனைவியின் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தான். காயும் வரை இருவரும் தேநீர் குடித்தோம்.

இப்போது மறுபடியும் குழுவில், அவன் காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறேன். அவன் பாதம் தரையைத் தட்டும்போதுதான் என் விரல் அடுத்த கார்டுக்குப் போகிறது. நான் கட்டிய பெட்டியின் ஒலி எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவனைத்தான் கேட்கிறேன். அவன் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவதில்லை.