சிவப்பு ஒயில்

அக்கா கனடாவுக்குப் போகாமல் போனதற்கு நாட்டுப் பிரச்சினைதான் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். போர்க்காலத்தில் எதற்கும் பொருந்துகிற பதில் அது. என்னுடைய வாயும் ஒரு காரணம் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியும். அவர் கடைசிவரை என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். விசாவுக்காகக் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம். அதற்கு ஒரேயொரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இளம்பிள்ளைகளை இறக்கி விசாரிப்பார்கள் என்று அப்பாவுக்குப் பயம். ஆகவே திருகோணமலையிலிருந்து எங்கள் கிழட்டு வான் வண்டியிலேயே போவதாக முடிவாயிற்று. கிளச் இல்லாத ஓட்டோ கியர் வான். அதன் மைல் மீற்றர் ஒருமுறை முழுவதுமாக ஓடி முடித்து, வெட்கமில்லாமல் மறுபடியும் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.

நல்ல காரியத்துக்குப் புறப்படுமுன் எல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வீடு கழுவி, பழந்துணி எறிந்து, ஒட்டடை அடித்தாயிற்று. அப்பா வானைக் கழுவினார். கிண்ணியாவிலிருந்து மெக்கானிக் நானாவையும் வரவழைத்தார். நானா கியர் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். துணி கறுத்துப்போய், கருகிய மணம் அடித்தது.

"இதுல கை வைக்க வாணாம் ஐயா," என்றார் நானா. "வயசான கியர். உள்ள தேஞ்ச தூளெல்லாம் இந்த ஒயிலுக்குள்ளதான் கிடக்கு. அதுதான் இப்ப புடிச்சிக்கிட்டு இருக்கு. முழுசாப் புதுசை ஊத்தினா வழுக்கும். கொழும்புக்குப் போய் வாங்க, பொறகு கொஞ்சம் கொஞ்சமா மாத்துவம்."

அப்பா தலையாட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் சும்மா நிற்கிற பிள்ளையா?

"ஐயோ அப்பா, நல்ல காரியத்துக்குப் போகேக்க இந்த ஊத்தையோடயா அக்கா போறது?"

குசினி வாசலில் நின்ற அம்மா, "பிள்ளைக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லையே!" என்றார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "முழுக்க மாத்துங்கோ நானா. என்ர பிள்ளையின்ர பயணம்," என்றார். நானா இன்னுமொருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு வானுக்கடியில் படுத்தார்.

புது ஒயில் சர்பத் மாதிரிச் சிவப்பாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வான் நின்றுவிடும் என்று நினைத்து நான் அதைச் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அக்கா போகக்கூடாது என்று கோணேசர் கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் வேண்டிக்கொண்டிருந்ததும் உண்மை.

நேர்முகத்துக்கு முதல்நாள் காலை அப்பாவும் அக்காவும் புறப்பட்டார்கள். கந்தளாய் தாண்டி ஓர் ஏற்றத்தில் எஞ்சின் அலறியதாம், வான் அசையவில்லையாம். காலைப் பஸ் போய்விட்டது. பின்னேரத்துக்குப் பிறகு றோட்டை மூடிவிடுவார்கள். ஒரு டிரக்டர்காரன் இரக்கப்பட்டு வானைக் கட்டி இழுத்து வந்தான். அப்பா உள்ளே வந்து, யாரையும் பாராமல் கதிரையில் இருந்தார்.

புதிதாக நாள் கேட்டு எழுதினார்கள். பதில் வருமுன் சண்டை மூண்டு மாதக்கணக்காகப் போக்குவரத்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் காத்திருந்து பார்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏலாது. அக்கா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக. போன் எடுத்தால் என் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒயில் கதையைச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். சொன்னதில்லை. கோழை நான்.

வானை இழுத்து வந்த அன்று பின்னேரம் எனக்கு ஒரே குதியாட்டம். கோணேசர் கேட்டுவிட்டார்! அக்கா நேர்முகத்துக்கென்று வாங்கிய சேலையை மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"நாளைக்கு ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போவமா அக்கா?"

அவள் திரும்பவில்லை. சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஓம் பிள்ளை, போவம். நான் இனி எங்க போகப்போறன்."

அக்கா எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினேன்.