ஏழாம் நம்பர் மலைப் பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் சின்னக் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலையெல்லாம் என் தலையில். என்னைப்போல் கெட்டிக்காரன் அந்த மலையிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு. காரணம், ஒரு நோட்டுப்புத்தகம்.

எஸ்டேட்டில் யாரும் தேதி பார்ப்பதில்லை. “இன்னிக்கு நாலாம் நம்பர்” என்றால், நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் நாள். எல்லா மலையும் முடிந்தால் ஒரு சுற்று. மறுபடி முதல் மலை. நோட்டையும் அப்படியே பிரித்தேன், மலைக்கு ஒரு பக்கம். உர லோரி வரும், டிரஸ்ஸர் ஊசி போட வருவார், கோயில் கூட்டம் என்று வரிக்கு ஒன்றாக எழுதுவேன். முடிந்ததை அடிப்பேன். மழையால் சுற்று தள்ளிப்போனால் பக்கமும் கூடவே தள்ளிப்போகும். பெரிய கிராணியே, “மூளைக்காரன்தான் லா நீ” என்றார். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்த அக்கா ஒருவர் இருந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. குடியுரிமைக்கான நீல அட்டைக்கு மனுப் போட்டிருந்தார். நேர்காணலுக்குக் கடிதம் வந்ததும், படிக்கத் தெரியாததால் என்னிடம் கொண்டுவந்தார்.

“கிராணி, என்னைக்குன்னு மறக்காம சொல்லிருங்க. எனக்கு இத விட்டா வேற கதி இல்ல.”

“அடுத்த சுத்து, ஏழாம் நம்பர் அன்னிக்கு. முத நாளே வந்து சொல்றேன், பயப்படாதீங்க லா.”

கடிதத்தில் இருந்த தேதிக்கு எந்த மலை வரும் என்று எண்ணித்தான் சொன்னேன்; ஏழாம் நம்பர் பக்கத்தில் எழுதிவிட்டுக் கடிதத்தை ஃபைலில் போட்டேன். அப்புறம் ஓயாத மழை. மலையில் கால் வைக்க முடியாமல் சுற்று இரண்டு நாள் தள்ளிப்போனது. அரசாங்க ஆபீஸ் எங்கள் கொழுந்துக்காகக் காத்திருக்குமா? அது என் மண்டையில் ஏறவில்லை.

ஆறாம் நம்பர் அன்று சாயந்தரம் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார்.

“முந்தாநாளே கூப்ட்டிருக்காங்களாம் கிராணி. மறுபடி மனுப் போடணுமாம்.”

ஃபைலை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

எஸ்டேட் துரை விசாரித்தபோது அக்கா முந்திக்கொண்டார். “கிராணி சரியாத்தான் சொன்னாருங்க. நான்தான் காய்ச்சல்ல கெடந்துட்டேன்.” பக்கத்தில் நின்ற என் வாயில் கொழுக்கட்டை. வெட்கங்கெட்டவன், அந்த நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா, “புள்ளகுட்டிக்காரரு, உங்க வேல போயிரக் கூடாது” என்றார்.

தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் துரை அரசாங்க ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார். அவர்களும் இன்னொரு நாள் கொடுத்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். அந்த ஒரு வேலையை மட்டும் நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

புது மனுவுக்குப் பதில் வருமுன் அவருடைய வேலை பெர்மிட் முடிந்துபோனது, புதுப்பித்துத் தரவில்லை. அப்பா அம்மா சொல்லி மட்டுமே கேட்டிருந்த ஊருக்கு அக்கா பினாங்கில் கப்பல் ஏறினார்.

அடுத்த மாதம் அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. நேர்காணலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.