வாயை ஊது

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். இந்த ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சம்சு சாராயம் தொடாத பிள்ளைகள் என்னுடையவர்கள்தான் என்று தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

மூத்தவன் சேகருக்குத் திடீரென்று பேச்சு குழறத் தொடங்கியது. கண்ணைச் சுற்றி அடி வாங்கியதுபோல் கருநீலமாகக் கன்றியது. கால் வீங்கியது. சிறுநீர் நுரைக்கிறது என்று அவனே ஒருமுறை சொன்னான், நான் காதில் வாங்கவில்லை. ஒருநாள் அவன் மகள் பார்க்க, அவனை வாசலில் நிறுத்தினேன்.

"வாயை ஊதுடா."

ஊதினான். கோப்பி வாசம்தான் வந்தது.

"வாசமே இல்லாத சரக்கெல்லாம் இப்ப விக்கிறானுங்க லா. யார்கிட்ட அடி வாங்கினே, குடிகாரா?"

"யாரும் அடிக்கலம்மா. நாக்குதான் தடிச்சுப் போச்சு, பாரு."

நாக்கை நீட்டினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐந்து மாதம் அவனோடு பேசவில்லை.

பிறகு மூச்சு முட்டி விழுந்தான். மருத்துவமனையில் டாக்டரம்மா அவன் நாக்கைத்தான் முதலில் பார்த்தார். ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். உடம்பில் ஒரு புரதம் கெட்டுப்போய் உறுப்புகளில் படிகிற அபூர்வ நோயாம், அமிலாய்டோசிஸ். இதயத்திலும் படிந்துவிட்டது.

"இத்தனை அடையாளம் இருந்திருக்கு, வீட்ல யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார். சீக்கிரம் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம்.

அடுத்த மாதமே போய்விட்டான். இப்போது கீழே படிக்கட்டில் போதையில் கிடப்பவனைப் பார்த்தால், அவனைப் பெற்றவள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் சேகரின் மகள்.

"எழுதினதை வாசி, மீனா. குடிகாரான்னு நான் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகாதே."