இரண்டு நல்லது, ஒரு பிழை

இதை ஒருவருக்கும் காட்டாதீங்கோ. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வகுப்புக் குரூப்பில் போட்டுவிடாதீங்கோ, கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவின் போனை எடுத்துவந்து, அறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையை நினைத்தால் முதலில் காலில் குளிர்தான் ஏறுகிறது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை ஐஸ் மாதிரி இருக்கும். துறைமுகத்து உப்புக்காற்று மெஷினைத் தின்றுவிடும் என்று யன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள்...

போன வருடம் கம்ப்யூட்டர் கழகம் தொடங்கியபோது பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஏழு கம்ப்யூட்டர். நானும் பர்ஹானாவும் ஒரு கதிரையில் பாதிப் பாதி. அவள் கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வருபவள். அவள் செய்த முதல் வெப் பக்கத்தில் தலைப்பைத் தவிர வேறொன்றும் திரைக்குள் அடங்கவில்லை.

"கப்பல்ல இருந்து பார்த்தாலும் தெரியணும்டி" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் முன்னமே கோட் எழுதத் தெரியும். அதனால் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துப் பிழை சொல்வது என் வேலை. பார்த்து முடிந்ததும் ஃபைலின் அடியில் 'பார்த்தது: கஜா' என்று எழுத வேண்டும். அதை எழுதும்போது ஒரு பெருமை வரும்.

ஒருநாள் தரம் ஒன்பது பிள்ளை ஒன்றிடம், "இதை அழிச்சிட்டு முதல்ல இருந்து எழுதுங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. பிறகும் வரவில்லை.

பர்ஹானாதான் என்னைப் பிடித்துக் கேட்டாள்.

"எது பிழை, ஏன் பிழை, எப்பிடித் திருத்துற எண்டு ஏதாவது சொன்னியா? நீ ஏசினதுதான். இனி முதல்ல ரெண்டு நல்லது சொல்லு. பிறகு ஒரு பிழை."

"நல்லது ஒண்டும் இல்லாட்டி?"

"எனக்கிட்டயே நல்லதைத் தேடி எடுக்கிறாய் தானே..."

அன்று சிரித்த சிரிப்பில் கதிரை சரிந்தது.

...அம்மா இருமுகிறா. கொஞ்சம் பொறுங்கோ.

இந்த வருடக் கண்காட்சிக்குப் பெயர் பதிகிற பக்கத்தை பர்ஹானா தனியாகச் செய்தாள். அவளைப் பற்றி ஒரு கதை வந்தாலும் கழகத்தை விட்டு நிற்பாட்டுவேன் என்று அவளுடைய வாப்பா முதலே சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தேன். நிறம் வடிவாக இருக்கு என்றேன். போனிலும் ஒழுங்காகத் தெரியுது என்றேன். சொல்லிக்கொண்டே மௌஸை அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தேன். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் நீலப் பட்டையோடு எழும்பி வந்தன... கழகத்தில் ஏற்கனவே பதிந்த பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அப்படித்தான் மறைத்து வைத்திருந்தாள்.

அவள் அந்த நேரம் திரையைப் பார்க்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டு, "வாப்பாக்கு இண்டைக்கே சொல்லப் போறன், நான் தனியச் செஞ்சன் எண்டு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

திங்கள் சொல்லலாம் என்று நினைத்தேன்.

'பார்த்தது: கஜா' என்று எழுதினேன்.

கழகத்து டீச்சர் அதைச் சனிக்கிழமையே இணையத்தில் ஏற்றிவிட்டா. ஞாயிறு முழுக்க மூன்று பிள்ளைகளுக்குத் தெரியாத ஆம்பிளைகளிடம் இருந்து போன் கோல். ஒரு பிள்ளையை வீட்டில் அடித்தும் இருக்கிறார்கள். இன்று பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நாளை காலை பர்ஹானாவின் வாப்பாவைப் பள்ளிக்கூட அதிபர் வரச் சொல்லியிருக்கிறா.

பின்னேரம் அவள் கோல் எடுத்தாள்.

"நீ ஒண்டும் கதைக்காத. நீ பார்த்த எண்டு அவங்களுக்குத் தெரியாது."

"என்ட பேர் அடியில இருக்கே."

"இப்ப இல்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

கழகத்தின் ஃபைல்கள் இந்தப் போனிலும் திறக்கும். திறந்து பார்த்தேன். என் பெயர் இருந்த வரி அழிந்திருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டேன் என்றுதான் அவள் நினைக்கிறாள். அந்த நீலப் பட்டையை நான் கண்டது அவளுக்குத் தெரியாது.

முந்தி ஒரு பிழை கண்டால் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்போம். ஒரு கதிரைக்குள் இருந்தும் நெருக்கம் தெரியாது. இப்போது இந்த அறையில் நான் மட்டும்தான். இருந்தும் மூச்சு முட்டுகிறது.

அதே இடத்தில் இப்படி எழுதினேன்:

'பார்த்தது: கஜா. வெள்ளை எழுத்து எதையும் மறைக்காது, யார் இழுத்தாலும் தெரியும். நம்பர்களை இந்தப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வெள்ளிக்கிழமையே கண்டேன். சொல்லவில்லை.'

சேவ் பண்ணத்தான் விரல் போகுதில்லை. நாளைக்கு அம்மாவையும் கூப்பிடுவார்கள். டீச்சர் இனி என்னை நம்பமாட்டா. பர்ஹானா...

பண்ணிட்டன்.

கதவு தட்டுது. "கஜா, என்ட போன் எங்க?" அம்மாதான். இதைப் போட்டுட்டு நானே அவவிட்ட சொல்