நீல மட்கார்டில் சிவப்பு

ஆவடி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் அவர். நரைத்த மீசை, வெளுத்த காக்கிச் சட்டை. சட்டைப்பையில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் எப்போதும் இருக்கும். வண்டிகள் ஒன்றோடொன்று உரசிப் பெயிண்ட் பெயர்ந்தால், அந்த இடத்தைத் துடைத்து அதைத் தடவிவிடுவார்.

ஒரு மாலை என் நீல மொபெட்டின் மட்கார்டிலும் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. எனக்கு எரிச்சல்.

"என்னங்க, நீல வண்டியில சிவப்பப் பூசியிருக்கீங்க?"

"உட்டா துரு ஏறிடும் சார். இந்த பாலிஷு எம் பொண்ணு ஆசையா வாங்குனது. ஒரு கைக்குத்தான் போட்டுக்கினா, அதுக்குள்ள காய்ச்சல்ல பூட்டா. பாட்டில் காஞ்சி போறதுக்குள்ள யாருக்காச்சும் ஒதவட்டும்."

நான் வண்டியை எடுத்தேன்.

பல மழைக்காலங்களில் அந்த மட்கார்டைத் துரு தின்றுவிட்டது. நகமளவு இருந்த அந்தச் சிவப்பை மட்டும் தொடவில்லை.