சொல்லாமல் போகும் அம்மாக்களுக்கு: யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி தேடிய இரண்டு நாட்கள்

மாசி மாத நடுவில் ஒரு வியாழனும் வெள்ளியுமாக யாழ்ப்பாணம் போய் வந்தேன். வவுனியாவில் வேலை செய்த என்னை யாழ்ப்பாணத்துக்கு மாற்றியிருந்தார்கள். பங்குனி முதலாம் திகதி அங்கே சேர வேண்டும். கணவர் கட்டாரில். நாற்பதில் எனக்குப் பிறந்த ஒரே மகள் ஆரணிக்கு நாலு வயது. வவுனியாவில் அவளைப் பக்கத்து வீட்டு அன்ரி பார்த்துக்கொண்டார்; யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒருவரும் இல்லை. அவளுக்கு ஒரு முன்பள்ளி கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். என்னைப்போல் பிள்ளையோடு இடம் மாறுகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்.

வவுனியாவிலிருந்து காலை 5.45 பஸ். 140 கிலோமீற்றர், டிக்கெற் 560 ரூபாய். ஆரணியை மடியில் வைத்திருந்ததால் அவளுக்குக் காசு எடுக்கவில்லை. 9.05க்கு யாழ்ப்பாணம். பஸ் நிலையத்தில் சுதன் என்ற ஓட்டோக்காரத் தம்பியைப் பிடித்தேன். கொக்குவிலுக்கு 500 ரூபாய் கேட்டார், 450க்கு வந்தார்.

கொக்குவிலில் நான் விசாரித்து வைத்திருந்த முன்பள்ளி உயர்ந்த மதிலுக்குள் இருந்தது. சுத்தமான கட்டடம். மாதம் 4,500. "எங்கடை பிள்ளையள் நாலு வயசிலையே வசனம் எழுதுவினம்," என்றார் பொறுப்பாளர் அம்மா. "ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கோவன்."

இங்கே என் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஆரணியை விட்டுப் பிரிவதற்கு எனக்கு ஒரு முறை இருக்கிறது. எதையாவது காட்டி அவள் கண்ணை அங்கே திருப்பிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவேன். அழுகையும் இல்லை, இழுபறியும் இல்லை. அலுவலகத்தில் இரண்டு இளம் அம்மாக்களுக்கு இதைப் பழக்கியும் விட்டிருக்கிறேன். அன்றும் அப்படித்தான். மீன் தொட்டியைக் காட்டிவிட்டு வெளியே வந்து, எதிர்க் கடையில் தேநீர் குடித்தேன். திரும்பிப் போனபோது ஆரணி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். "நல்ல பிள்ளை. சத்தமே இல்லை," என்றார் பொறுப்பாளர். எனக்குப் பெருமையாக இருந்தது. காசு கட்டவே நினைத்தேன்.

சுதன்தான் தடுத்தார். "கட்டுறதுக்கு முன்னம் அரியாலையிலை ஒண்டு இருக்கக்கா, பாருங்கோ. என்ரை மகளும் அங்கைதான். எழுத்து எல்லாம் சொல்லிக் குடுக்கினமோ தெரியாது. ஆனா லீவெண்டா என்ரை ஆள் சண்டைக்கு வருது."

ஏழு கிலோமீற்றர், 700 ரூபாய். கடல்நீரேரிக் காற்று வீசும் ஒடுங்கிய ஒழுங்கை, தகரக் கூரை போட்ட நீள மண்டபம், இருபது பிள்ளைகள் வரை. ஜெனிற்றா ரீச்சருக்கு முப்பது வயதுகூட இராது. குருநகர்க்காரி. என்னை ஒரு குட்டிக் கதிரையில் இருத்திவிட்டு, "பாத்துக்கொண்டிருங்கோ அக்கா, அவ விளையாடட்டும்," என்றார்.

மூலையில் விளையாட்டு அடுப்பு, சட்டி, பாவைப்பிள்ளைகள். சுதனின் மகள் ஷாமி அங்கே சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆரணி ஒரு பாவைப்பிள்ளையை எடுத்துச் சுவரில் சாய்த்து இருத்தினாள். "இஞ்சை பாருங்கோ, அணில்," என்று அதன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டாள்.

"எங்கை போறீர்?" என்று ஷாமி கத்தினாள்.

"உஷ். சொல்லக்கூடாது. சொன்னா அவ அழுவா."

"எப்ப வருவீர்?"

"அது அவவுக்குத் தெரியாது."

ஆரணி திரும்பி வந்து பாவைப்பிள்ளையின் தலையைத் தடவினாள். "நல்ல பிள்ளை. சத்தமே இல்லை," என்றாள்.

நாலு வயதுப் பிள்ளை. ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்த ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செருப்புக்கூடத் தெரிந்திருக்கிறது. அழாமல் இருந்தது பழகிப்போனதால் அல்ல. அழுவதில் பயனில்லை என்று கண்டுகொண்டதால்.

ரீச்சரும் பார்த்திருந்தார். எனக்குப் புத்தி சொல்லவில்லை. "இஞ்சை ஒரு சட்டம்தான் இருக்கக்கா. ஒருத்தரும் களவாப் போகேலாது. பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போகோணும். போன வருசம் ஒரு அப்பா கேக்காமல் மதில் பாஞ்சவர். கட்டியிருந்த சாரம் கம்பியிலை கொழுவிட்டுது. அந்தரத்திலை நிண்டுகொண்டு, 'மகன், அப்பா போட்டு வாறன்' எண்டு சொன்னவர்."

நான் சிரித்தேன். சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது.

அன்றிரவு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம், 5,500 ரூபாய். வெள்ளி காலை 8.10க்கு மறுபடி அரியாலை. முழங்காலில் இருந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா இப்ப போட்டு வாறன். நீங்கள் பழம் சாப்பிட்டு முடிய வருவன்."

ஆரணி வீரிட்டாள். அப்படி ஒரு சத்தம் அவளுக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. என் சட்டையைப் பிடித்த கையை ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது. ரீச்சர் அவளிடம் "அழாதை" என்று ஒருமுறையேனும் சொல்லவில்லை. தூக்கி வைத்துக்கொண்டு, "ஓம் குஞ்சு, அம்மா போறா. உங்களுக்குக் கவலைதான். அழுங்கோ, நான் இருக்கிறன்," என்றார். நான் ஒழுங்கையில் நின்றுவிட்டேன். "ஏறுங்கோ அக்கா," என்றார் சுதன். "என்ரை ஆள் ரெண்டு கிழமை கத்தினது. இப்ப என்னைப் போ போ எண்டு கலைக்குது."

பத்து மணிக்குத் திரும்பினேன். ஆரணி ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வந்தவள் கையை முட்டியாக மடக்கி என் தொடையில் இரண்டு முறை பலமாகக் குத்தினாள். பிறகு மடியில் ஏறிக்கொண்டாள். அங்கேயே பெயர் பதிந்தேன். மாதம் 3,000.

உங்களுக்கு என் ஆலோசனை இதுதான். முன்பள்ளி தேடப் போனால் கட்டாயம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாளில் கட்டடம்தான் தெரியும். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று, அழுகிற பிள்ளையை அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சத்தமில்லாத வகுப்பைக் கண்டு என்னைப்போல் மகிழ வேண்டாம். ஓட்டோவுக்கு இரண்டு நாளும் சேர்த்துப் பேசினால் 4,000க்குள் முடிக்கலாம். இன்னொன்று: நீங்கள் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினால் பிள்ளை முன்பைவிட அதிகம் அழும். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ் 1.30க்கு. நாவற்குழி தாண்டியதும் ஆரணி கேட்டாள்.

"நேற்று என்னை அந்தப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு எங்கை போனனீங்கள்?"

"முன்னாலை கடையிலை தேத்தண்ணி குடிச்சனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு."

"அன்ரி வீட்டிலை, மழை பெய்த அண்டைக்கு?"

"கந்தோருக்கு, வேலைக்கு."

"நான் குளிக்கேக்கை?"

அது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது, அன்று அன்ரி கட்டியிருந்த சேலையின் நிறம்கூடச் சொன்னாள். கொடிகாமம் போய், பளை போய், ஆனையிறவின் வெட்டவெளி வந்தது. அவள் இன்னும் ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.